அவள் ஏறிய நிறுத்தம்

கண்ணு,

போனில் சொன்னால் உனக்குப் பாதியில் சிக்னல் போய்விடுகிறது. நான் அழ ஆரம்பித்த பிறகுதான் போகிறது என்பதை நானும் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அதனால் எழுதுகிறேன். அடுத்த வாரம் நீ பெங்களூரில் விமானம் ஏறப்போகிறாய். ரேஷன் கடை வரிசையில்கூட, "உங்க பையன் பிஎச்டி முடிச்சுட்டு ஃபாரின் போறானாமே, அங்கியும் ஆராய்ச்சிதானா?" என்று விசாரிக்கிறார்கள். பிள்ளை சீமைக்குப் போகிறான் என்றால் பெற்றவளுக்கு வாய் ஓயக் கூடாது. நான் "ஆமாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, பருப்பு வந்ததா இல்லையா என்றுகூடப் பார்க்காமல் திரும்பிவிடுகிறேன். "நல்ல காரியம் நடக்கறப்ப மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு திரியிற" என்று உன் அப்பா திட்டுகிறார். அவருக்கும் விஷயம் தெரியும். தெரிந்தும் தெரியாதவர்போல் இருப்பது அவருக்குக் கம்பெனியில் பழகிப்போன வித்தை.

விஷயம் இதுதான். நம் வீட்டுக்குப் பின்னால் நாம் வாடகைக்கு விட்டிருக்கும் லைன் வீடுகளில் குடியிருந்த அந்தப் பெண், போன ஞாயிற்றுக்கிழமை வீட்டைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போய்விட்டாள். யாரைச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும். அவள் பெயரை இங்கே எழுதமாட்டேன். உன் கைக்கு எது வந்தாலும் நாலு பேருக்குப் படித்துக் காட்டாமல் உன்னால் இருக்கமுடியாது. இந்தக் கடிதம் எங்கெங்கே போய் நிற்குமோ, யார் கண்டது. ஊரையும் சொல்லப்போவதில்லை, தெற்கத்திப் பெண் என்பதோடு விட்டுவிடுகிறேன். உன் படிப்பிலிருந்து நான் கற்றுக்கொண்டது இந்த ஒன்றைத்தான்.

நம் குடும்பத்தில் ஆராய்ச்சிக்குப் பஞ்சமே கிடையாது. உன் அக்கா மாம்பூவை உறிஞ்சுகிற தத்துப்பூச்சியைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கினாள். மாப்பிள்ளை நடுகல் படிக்கிறார். நீ கம்பெனிப் பெண்களைப் படித்தாய். ஒரே வீட்டில் மூன்று பேரும் மூன்று விதமாக வேலை செய்வதைப் பார்த்து நான் எத்தனையோ தடவை எனக்குள் சிரித்திருக்கிறேன். அக்கா, காவேரிப்பட்டினத்தில் உன் மாமன் தோப்புக்குப் போய், பசை தடவிய மஞ்சள் அட்டையை மரத்துக்கு மரம் கட்டித் தொங்கவிட்டு, மறுநாள் அதில் ஒட்டிக் கிடப்பதை எண்ணுவாள். எண்ணி முடித்ததும் சந்தேகம் வந்து திரும்ப முதலிலிருந்து எண்ணுவாள். மாப்பிள்ளை, யாரோ ஒருவர் மாட்டுக்கொட்டகையில் சாய்ந்து கிடக்கும் கல்லைக் கழுவித் துடைத்து, ஈரத்தாளை ஒட்டி மை ஒற்றிப் படியெடுப்பார். சாணிக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்து ஓர் எழுத்துக்கு ஒரு மத்தியானத்தைச் செலவழிப்பார். நீ ஒன்றுமே செய்யமாட்டாய். செல்போனை ரெக்கார்டிங்கில் வைத்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். "எல்லாத்துக்கும் கவர்மெண்ட்டு சம்பளம் குடுக்குதா?" என்று உன் அப்பா ஆச்சரியப்பட்டதில் தப்பே இல்லை.

போன பொங்கலுக்கு எல்லோரும் கூடியிருந்தபோது நீங்கள் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? அக்காதான் ஆரம்பித்தாள். "உன்னுதெல்லாம் ஒரு ஆராய்ச்சியாடா? நாலு பொண்ணுங்ககிட்ட கதை கேட்டுக்கினு வந்து எழுதறதுக்கு டாக்டர் பட்டமா?" என்றாள். நீ சட்டென்று கோபப்பட்டாய். "பூச்சி உங்கிட்ட பொய் சொல்லாதுக்கா. மனுசங்க சொல்லுவாங்க. அதுலேருந்து நெஜத்தப் பிரிச்சி எடுக்கறதுதான் என் வேலை. உங்க ரெண்டு பேரோடதவிட இதான் கஷ்டம்" என்றாய். மாப்பிள்ளை வடையைக் கடித்துக்கொண்டே, "கல்லும் பொய் சொல்லும் மாப்ள, அதச் செதுக்கனதும் மனுசன்தானே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என் பிள்ளை எவ்வளவு பெரிய விஷயத்தை எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டான் என்று பூரித்துப்போய் உன் தட்டில் இன்னொரு கரண்டி பொங்கல் வைத்தேன்.

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். அக்கா தப்பாக எண்ணினால் பூச்சிக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அடுத்த வருஷப் பூவுக்குத் திருத்திக்கொள்ளலாம். மாப்பிள்ளை ஓர் எழுத்தை மாற்றிப் படித்தால், வேறொரு ஆய்வாளர் வந்து நாலு வார்த்தை திட்டிவிட்டுச் சரி செய்வார். மாடு பிடிச் சண்டையில் எந்தக் காலத்திலோ செத்த வீரனை இனி யாரும் எதுவும் செய்துவிட முடியாது. உன் படிப்பு அப்படி இல்லை. அது ஆறு மணி வண்டியைப் பிடிக்க ஓடுகிற படிப்பு. அதற்குப் பசிக்கும், ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டியிருக்கும், தங்கச்சி நர்சிங் படித்துக்கொண்டிருப்பாள். உங்கள் பல்கலைக்கழகத்தில் பிரிவு பிரிவாகப் பெயர்ப்பலகை மாட்டி வைத்திருக்கிறார்களே, அறிவியல், மொழி, வரலாறு, சமூகவியல் என்று. அந்தப் பலகைகளுக்கு என்ன வித்தியாசம் என்று உனக்கு முதல் நாளே யாராவது சொல்லியிருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே மாதிரி 'டேட்டா' என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்.

உனக்கு அந்தப் பெண்களின் கதவைத் திறந்துவிட்டது நான்தான். நீ முதலில் தனியாகப் போனபோது ஒருத்தியும் பேசவில்லை. "நல்லாருக்கோம் சார், ஒண்ணும் குறையில்ல சார்" என்று துணியை உதறிக்கொண்டே உள்ளே போய்விட்டார்கள். அப்புறம் நான் கூட வந்தேன். "நம்ம பையன்தாம்மா, படிப்புக்குக் கேக்கறான், பேரெல்லாம் போடமாட்டான்" என்று வீடு வீடாகச் சொன்னேன். வாடகையில் ஒரு நாளும் நான் கறார் பண்ணினவள் இல்லை, உடம்பு சரியில்லை என்றால் கஞ்சி வைத்துக் கொடுத்தவள். அந்த முகத்துக்காகப் பேசினார்கள். அவள் மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பேசினாள். கம்பெனியில் பாத்ரூம் போக லைனை விட்டு எழுந்தால் மாற்று ஆள் வந்து உட்கார வேண்டும், மாற்று ஆள் வருவதே இல்லை, அதனால் காலையில் எழுந்ததிலிருந்து வண்டி திரும்பி வந்து இறக்கிவிடும்வரை சொட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை என்றாள். அதைச் சொல்லும்போது சிரித்தாள். நீ குனிந்து போனில் ரெக்கார்டிங் ஓடுகிறதா என்று பார்த்தாய். பூச்சி பொய் சொல்லாது, மனுசன் சொல்லுவான் என்றாயே, அவள் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

கட்டுரை வெளிவந்த அன்று நீ எவ்வளவு சந்தோஷமாகப் பேசினாய். அப்பா எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார். லைன் வீடுகளுக்கும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன், அவளும் வாங்கிச் சாப்பிட்டாள். ஆங்கிலத்தில் இருந்தது எங்களுக்கு என்ன தெரியும். கொஞ்ச நாளில் எவனோ ஒருவன் அதைத் தமிழில் சுருக்கி இன்டர்நெட்டில் போட, அது போன் போனாகச் சுற்றிக் கம்பெனி பஸ்ஸுக்குள் வந்துவிட்டது. தண்ணீர் குடிக்காமல் வேலை செய்கிறேன் என்று சொன்ன பெண்ணுக்கு நீ அழகாக வேறு பெயர் வைத்திருந்தாய். தெற்கு மாவட்டத்திலிருந்து வந்தவள் என்று எழுதியிருந்தாய். முதல் ஷிஃப்ட் வண்டியில், சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம் இன்ன நிறுத்தத்தில் ஏறுகிறாள் என்றும் எழுதியிருந்தாய். அந்த நிறுத்தத்தின் பெயரை நான் இந்தக் கடிதத்தில் எழுதவில்லை. நீ அச்சில் எழுதியிருந்தாய்.

டேய், வெளியூர்க்காரன் செய்திருந்தால் பாவம் தெரியாமல் செய்துவிட்டான் என்று சொல்வேன். நீ இங்கேயே பிறந்து வளர்ந்தவன். இந்த ஊரில் யாரையாவது பேர் சொல்லி விசாரித்துப் பார்த்திருக்கிறாயா? தமிழ், கன்னடம், தெலுங்கு என்று எந்தப் பாஷைக்காரனாக இருந்தாலும் முதல் கேள்வி எந்தக் கம்பெனி, இரண்டாவது எந்த வண்டி, மூன்றாவது எந்த ஸ்டாப். இந்தத் தெருவில் பாதிப்பேருக்கு உன் அப்பாவின் பெயர் தெரியாது, அவர் போன வண்டி தெரியும். ஒரே பெயரில் கம்பெனிக்குள் ஒன்பது பெண்கள் இருப்பார்கள். ஒரு ஷிஃப்டில் ஒரு நிறுத்தத்தில் ஏறுகிற தெற்கத்திப் பெண் ஒருத்திதான் இருப்பாள். அவள் எந்த வண்டியில் போகிறாள் என்று நீ என்னைக் கேட்டாய், நானும் சொன்னேன். கதைக்கு ஊர்வாசனை வரட்டும் என்று கேட்கிறாய் என நினைத்தேன்.

லைன் ஓடிக்கொண்டிருக்கும்போதே சூப்பர்வைசர் வந்து நின்று, "நீ எந்த ஸ்டாப்புலம்மா ஏறுற?" என்று கேட்டானாம். இவள் சொன்னாளாம். "சரி, வேலையப் பாரு" என்று போய்விட்டானாம். அவ்வளவுதான். யாரும் சத்தம் போடவில்லை, மெமோ கொடுக்கவில்லை. மாதம் முடிந்ததும் காண்ட்ராக்ட் புதுப்பிக்கவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தத் தடவை பர்மனென்ட் ஆகிவிடுவோம் என்று ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. வேறு கம்பெனிகளில் கேட்டுப் பார்த்தாள். ஆள் அனுப்புகிற ஏஜென்ட் இங்கே எல்லாக் கம்பெனிக்கும் ஒருவர்தான். அவர் இவளைப் பார்த்ததும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாராம்.

வேலை போன அன்று சாயந்திரம் அவள் என்னிடம் வந்து சமையலறை வாசலில் உட்கார்ந்தாள். கோபமாக இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் வாங்கிக்கொண்டு நானும் அழுதிருப்பேன். "அண்ணன் சொன்ன மாதிரியே பேரை மாத்திட்டாகம்மா. பஸ்ஸை மாத்தலியே" என்றாள். ஏதோ காய்கறி வாங்கும்போது ஒன்றை மறந்துவிட்டதைப்போலத்தான் சொன்னாள். உனக்கு அப்போதே போன் செய்தேன். நீ முதலில் திடுக்கிட்டாய், அதை நான் மறுக்கவில்லை. அப்புறம் உன் குரல் மாறிவிட்டது. எதிக்ஸ் கமிட்டி அனுமதி கொடுத்த ஆய்வு என்றாய். அவள் கையெழுத்துப் போட்டிருக்கிறாள் என்றாய். வேலை போனதற்கு இதுதான் காரணம் என்று நிரூபிக்க முடியாது என்றாய். கடைசியாக, அடுத்த கட்டுரையில் இதையும் ஒரு குறைபாடாகக் குறிப்பிடுவேன் என்றாய். கண்ணு, ஒருத்தியின் சோற்றில் மண் விழுந்தது உனக்கு அடுத்த கட்டுரையில் ஒரு பத்தி. அன்றைக்குத்தான் நான் உன்னை வளர்த்த லட்சணம் எனக்கே தெரிந்தது.

உன்னை மட்டும் நொந்துகொள்ளவில்லை. எனக்கு இந்த மூன்று படிப்பின் மேலும் நம்பிக்கை போய்விட்டது. அக்கா எத்தனையோ வருஷம் பூச்சியை எண்ணி, எப்போது மருந்தடித்தால் போதும், எப்போது அடிக்கவே வேண்டாம் என்று கண்டுபிடித்தாள். அது புத்தகமாக வருவதற்குள் உன் மாமன் தோப்பில் பாதியை வெட்டி பிளாட் போட்டுக் கொடி நட்டுவிட்டான். மாப்பிள்ளை படித்த கல்லைச் சாலை அகலப்படுத்துகிறவர்கள் ஜேசிபியால் தள்ளிவிட்டார்கள். அவர் எடுத்த படி பத்திரமாகப் பீரோவில் இருக்கிறது, கல்தான் இல்லை. நீ எழுதியதை எங்கெங்கோ மேற்கோள் காட்டுகிறார்களாம், உனக்கு வெளிநாட்டில் இடமே அதனால்தான் கிடைத்ததாம். அந்த லைனில் இன்றைக்கும் மாற்று ஆள் வருவதில்லை. மரம் போனது, கல் போனது, அவள் போனாள். மூன்று பேருக்கும் பட்டம் மட்டும் சுவரில் தொங்குகிறது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள், இங்கே பழிகூட யார் மேலும் விழவில்லை.

அவள் காலி செய்த அன்று வீட்டைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தாள். "எம் பையனுக்கு என்னாம்மா சொல்லட்டும்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, வாய் தவறிக் கேட்டுவிட்டேன். பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "நான் சொன்னதை ஒண்ணும் கூட்டலை, குறைக்கலை. அப்படியேதான் எழுதியிருக்காக. தங்கச்சி படிச்சுச் சொன்னா" என்றாள். அதற்குப் பிறகு லைன் வீட்டுப் பெண்கள் என்னிடம் மரியாதையாக இருக்கிறார்கள். முன்பெல்லாம் குழாயடியில் நான் போய் நின்றால் சூப்பர்வைசரை ஒரு பாட்டுத் திட்டித் தீர்ப்பார்கள், சிரிப்பு தெருவரை கேட்கும். இப்போது நான் போனால், "வாங்கம்மா, நீங்க முதல்ல புடிங்க" என்று குடத்தை எடுத்துக்கொண்டு விலகுகிறார்கள். அந்த மரியாதையை என்னால் தாங்கமுடியவில்லை.

இன்னொன்றையும் உனக்குச் சொல்லியாக வேண்டும். நேற்று ஒரு பெண் வந்தாள். மருத்துவக் கல்லூரியில் படிக்கிறவள், கிருஷ்ணகிரிப் பக்கம் ஊர், தோளில் பை, கழுத்தில் அடையாள அட்டை, வெயிலில் முகம் சிவந்திருந்தது. தண்ணீர் கொடுத்தேன். "கம்பெனிக்குப் போற லேடீஸுக்கு யூரின் இன்ஃபெக்ஷன், கிட்னில கல்லு, இதெல்லாம் ஏன் இவ்ளோ வருதுன்னு பாத்துக்கினு இருக்கோம் ஆன்ட்டி. இலவசமா டெஸ்ட் பண்ணி, மருந்துக்கும் ஏற்பாடு பண்றோம்" என்றாள். எப்படியம்மா இங்கே வந்தாய் என்று கேட்டேன். "ஒரு ஆர்ட்டிகிள் படிச்சேன். அதுல ஒருத்தங்க ஷிஃப்ட் முடியறவரைக்கும் தண்ணியே குடிக்கறதில்லன்னு சொல்லியிருந்தாங்க. ரொம்ப நல்ல ஆர்ட்டிகிள் ஆன்ட்டி. ஸ்டாப் பேரு போட்டிருந்தாங்க, அதான் எறங்கி விசாரிச்சிக்கினு வந்துட்டேன்" என்றாள். என் பிள்ளை எழுதியதுதான் அது என்று நான் சொல்லவில்லை. உன் எழுத்தைப் படித்து வேறொரு படிப்புக்காரி மருந்தோடு வந்து நிற்கிறாள். இதைவிட ஒரு ஆய்வுக்கு வேறென்ன வேண்டும்? நான் என்ன செய்தேன் தெரியுமா? "இங்க இருக்கறதெல்லாம் ஒடிசாப் பொண்ணுங்கம்மா, தமிழ் தெரியாது" என்றேன். "பரவால்ல ஆன்ட்டி, எனக்கு இந்தி வரும்" என்றாள். "எல்லாம் ஷிஃப்ட் முடிச்சிட்டுத் தூங்குதுங்க, எழுப்ப முடியாது" என்று கேட்டைச் சாத்தினேன்.

சுவருக்கு இந்தப் பக்கம் குழாயடியில் பெண்கள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்கள். அதில் ஒருத்தி முந்தின நாள்தான் எரிச்சல் தாங்காமல், காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தவள். அவளுக்காகவாவது கதவைத் திறந்திருக்கலாம். அவள் என்னைப் பார்த்தாள். நான் தாழ்ப்பாள் போட்டதும் அவளுக்கு முகத்தில் ஒரு நிம்மதி வந்தது பார், அதைத்தான் என்னால் மறக்கமுடியவில்லை. வந்த பெண் நல்லவளாகத்தான் இருப்பாள். நீயும் நல்லவன்தான். கேட்க வருகிறவர்கள் எல்லோரும் நல்லவர்கள்தான் கண்ணு. ஆனால் இனி இந்த வாசலில் யாரும் யாரையும் எதுவும் கேட்கமுடியாது, நோய் என்னவென்றுகூடக் கேட்கமுடியாது. அப்படி ஆக்கிவிட்டோம், நீயும் நானும் சேர்ந்து.

வெளிநாடு போ. போகாதே என்று சொல்லி இனி ஒரு பிரயோஜனமும் இல்லை. நீ போகாவிட்டால் அவளுக்கு வேலை திரும்பி வரப்போவதில்லை. விமானத்துக்கு முன்னால் இரண்டு நாள் வீட்டில் இருப்பேன் என்றாயே, அந்த இரண்டு நாளும் எனக்கு வேண்டாம். அப்பாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். நேராக அவள் ஊருக்குப் போ, ஊர் உனக்குத் தெரியும். போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதே, எதுவும் சரியாகாது. அவள் உள்ளே கூப்பிடாமல் போகலாம். அவள் தங்கச்சி உன் முகத்தில் அறைகிற மாதிரி ஏதாவது சொல்லலாம். சொன்னால் வாங்கிக்கொள். கமிட்டியைப் பற்றி வாயைத் திறக்காதே. அவள் பேசினால் கேள். பேசாவிட்டால், அவள் போகச் சொல்லும்வரை அங்கேயே உட்கார்ந்திரு. தண்ணீர் கொடுத்தால் குடி. போனை வெளியே எடுக்காதே. கேள்வி மட்டும் ஒன்றுகூடக் கேட்காதே.

அம்மா